ஒரிஜினல் பொன்னாத்தா

மன்றத்துப் பொன்விழாவுல எங்கூட்டுக்காரரு நாடகத்த மறுபடி போடறதுக்கு என்ற கையெழுத்துத்தான அம்மிணி வேணும்? போடறன். நான் என்ன மாட்டேன்னா சொன்னன்? ஆனா ஒரே ஒரு கண்டிசன். அந்தச் சேலத்துக்காரி சொர்ணம், அவ அந்த மேடையில கால வெக்கக்கூடாது. பொன்விழாவாகட்டும், வைரவிழாவாகட்டும், அவளுக்குப் பொன்னாடை, மாலை, ஒரு மண்ணாங்கட்டியும் போடக்கூடாது. அத மொதல்ல உன்ற காகிதத்துல எழுதிக்க. எழுதீட்டயா? எங்க, படிச்சுக் காட்டு. ம். சரி.

அவளுக்கு வயசாயிப் போச்சுன்னு எங்கிட்டச் சொல்லாத. எனக்கு மட்டும் பதினாறா நடக்குது? எழுவத்தொண்ணு முடிஞ்சுது. நேத்து கண்ணாஸ்பத்திரியில சொட்டு மருந்து ஊத்தியுட்டுருக்கறாங்க, உன்ற மூஞ்சியே கலங்கலாத்தான் தெரியுது. உக்காரு கண்ணு, நின்னுட்டே பேசுனா எனக்குக் கழுத்து வலிக்குது. பேரென்ன சொன்ன? யாழினியா. காலேசுல படிச்சுட்டே நாடக மன்றத்துக்கு விழா மலர் போட்டுக் குடுக்கறயா? நல்ல காரியம். சிதம்பரந்தான அனுப்பிச்சான்? செயலாளரு! அவனுக்கு நேர்ல வர்றதுக்கு மூஞ்சி இல்ல. எங்கூட்டுக்காரரு போன மூணாம் நாளு, தீட்டுக் கூடக் கழியல, ரெண்டு சாக்குப் பையக் கொண்டாந்து அவரு நாடக நோட்டு முச்சூடும் அள்ளீட்டுப் போனவன் அவன். "அக்கா, இதெல்லாம் மன்றத்துச் சொத்துங்க"ன்னான். நானும் எடுத்துட்டுப் போடான்னுட்டன். எனக்கு அத வெச்சுக்கிட்டு என்ன பண்றது? இருந்தப்பவே நான் அத ஒரு நாளும் தொட்டதில்ல. பீரோவுல பூட்டி வெச்சிருப்பாரு. "உனக்கெதுக்கு இது, உனக்கு நகைச்சுவை வராது"ம்பாரு. நெசந்தான். எனக்கு வராது.

அவரப் பத்தி மலருக்கு என்ன வேணுமோ கேளு. நகைச்சுவைச் செம்மல் நாச்சிமுத்து. மில்லுல டைம் ஆபீசு கிளார்க்கு. எவன் எத்தன மணிக்கு உள்ள போனான், எவன் எத்தன மணிக்கு வெளிய வந்தான்னு எழுதற வேலை. தேதி போடாம ஒரு துண்டுச் சீட்டு எழுத மாட்டாரு. மளிகைச் சிட்டைக்குக் கூட மேல தேதி, கெழமை. வேலை முடிஞ்சா மில்லு கேண்டீன்ல ஒத்திகை. எழுவத்தஞ்சுல மன்றம் ஆரம்பிச்சாரு, எட்டு நாடகம் எழுதுனாரு. சனத்துக்கு ஞாபகம் இருக்கறது ஒண்ணுதான், 'தலையில கட்டின பூசணி'. நூத்திப் பன்னெண்டு தடவ போட்டாங்க. கதை என்னன்னா, புருசன் மகா கெட்டிக்காரன். பொண்டாட்டி பொன்னாத்தா குண்டு, மக்கு, சோத்துக்குப் பொறந்தவ, வாய் மட்டும் காது வரைக்கும். அவ ஒண்ணு கேப்பா, புருசன் ஒண்ணு சொல்லுவான், சனம் கெக்கெக்கேன்னு சிரிக்கும். ரெண்டே முக்கால் மணி நேரம் இதேதான்.

பொம்பளை வேசத்துக்கு மில்லுல இருந்து ஆரும் வரமாட்டாங்க. வந்தா மாமனாரு மாமியாரு காலை ஒடிச்சுப் போடுவாங்க. அதனால வெளியூர்ல இருந்து நடிக்கறவளக் கூலிக்குக் கூட்டியாருவாங்க. அப்பிடி வந்தவதான் இந்தச் சேலம் சொர்ணம். காத்தால பஸ்ஸுல வந்து எறங்குவா. மொதல்லயெல்லாம் பொழுதுக்கும் நம்மூட்டுலதான் இருப்பா, சோறு நாந்தான் ஆக்கிப் போடுவன். அவளுக்குக் கட்டறதுக்கு என்ற பொடவ. வயித்துல வெச்சுக் கட்டறதுக்கு என்ற தலகாணி ரெண்டு. நாங்க படுத்துத் தூங்கற தலகாணி அம்மிணி! நாடகம் முடிஞ்சு திரும்பி வரயில ரெண்டுலயும் அவ வேர்வையும் பவுடரும் நாறும்.

என்னயப் பாத்துக்க. குண்டாவா இருக்கறன்? கல்யாணமான அன்னைக்கு நாப்பத்தி ரெண்டு கிலோ. இன்னைக்கும் நாப்பத்தி நாலத் தாண்டல. ஆனா ஊருக்கு நான் பூசணி. ரேசன் கடையில நின்னா, "என்னுங்க பொன்னாத்தா, தலகாணிய ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?"ம்பான் எடை போடறவன். என்ற பேரு தெய்வாத்தா. அது எங்கம்மாளுக்கும் தாலூக்கா ஆபீசுக்கும் மட்டுந்தான் தெரியும்.

நாடகம் முடிஞ்சு வணக்கம் போடறப்ப ஒரு வழக்கம் வெச்சிருந்தாரு. மைக்கப் புடிச்சு, "நீங்க இத்தன நேரம் பாத்தது டூப்ளிகேட்டு. ஒரிஜினல் பொன்னாத்தா இதோ உக்காந்திருக்குது!"ன்னு என்னய மேடைக்குக் கூப்புடுவாரு. நான் போயி, தலகாணி கட்டுன சொர்ணத்துக்குப் பக்கத்துல குச்சியாட்ட நிப்பன். அதுக்கு ஒரு சிரிப்பு. நான் கையெடுத்துக் கும்பிடுவன். அதுக்கும் ஒரு சிரிப்பு. போட்டோ எல்லாம் இருக்குது, உன்ற மலருக்கு வேணும்னா எடுத்துட்டுப் போ. தப்பா ஒண்ணுமில்ல அம்மிணி. பொண்டாட்டிய ஊரறியக் காட்டுனவரு. அடிச்சதில்ல, வஞ்சதில்ல, குடியில்ல. அவரு தங்கமான மனுசன். எல்லாம் அவளாலதான்.

நம்மூட்டுல நடக்கறதுதான் மேடையில வரும். எல்லாரும் கேப்பாங்க, "உங்கூட்டுக்காரருக்கு எங்கிருந்துங்க இத்தன நகைச்சுவை ஊறுது?"ன்னு. ஆண்டவன் குடுத்ததுங்கன்னு சொல்லுவன். ஒருக்கா பாரு, அவரு சித்தப்பன் மவன் ஒறம்பரையா வந்தான். ரெண்டு நாளைக்குன்னு வந்தவன், பன்னெண்டு நாளாச்சு, செருப்பத் தேடற மாதிரியே தெரியல. காத்தால இட்லி ஊத்திக்கிட்டே எரிச்சல்ல இவருகிட்டச் சொன்னன், "ஏனுங்க, ரேசன் கார்டுல பேரச் சேத்திரலாமுங்களா? சக்கரையாச்சும் கூடக் கெடைக்கும்"னு. அடுத்த மாசம் நாடகத்துல புருசங்காரன் அதச் சொல்றான். பொன்னாத்தாளோட அண்ணன் வந்து டேரா போட்டிருக்கறானாம், அவனப் பாத்துச் சொல்றான். கை தட்டு அடங்கறதுக்கு ஒரு நிமிசம் ஆச்சு. "அது எங்கண்ணன் இல்லியே, உங்க சித்தப்பன் மவனாச்சே"ன்னு ஊட்டுக்கு வந்து கேட்டன். "பொண்டாட்டி ஊட்டு ஆளுன்னாத்தாண்டி சிரிப்பாங்க"ன்னாரு. தொழில் தெரிஞ்சவரு, சரியாத்தான் இருக்கும்னு உட்டுட்டன்.

இன்னொருக்கா எனக்குக் காய்ச்சல். நான் உப்புமா கிண்டறன்னு இவரு அடுப்படிக்குப் போனாரு. ரவைன்னு நெனச்சுக்கிட்டு கோலப்பொடிய வறுத்து, கடுகு தாளிச்சு, பச்சமொளகா அரிஞ்சு போட்டு, தண்ணியும் ஊத்திக் கொண்டாந்து நீட்டறாரு. நான் பாத்துட்டு, "ஏனுங்க, இதத் திங்கறதா, வாசல்ல போடறதா?"ன்னன். அதுவும் நாடகத்துல வந்துச்சு. ஆனா மேடையில கோலப்பொடிய வறுத்தது பொன்னாத்தா. வாசல்ல போடறதான்னு கேட்டது புருசன். ஆம்பளை வறுத்தா சனம் சிரிக்காதாம். மக்குத்தனமெல்லாம் அவளுக்கு, மறுபேச்செல்லாம் அவனுக்கு. நாடகத்துக்கு அப்பிடி ஒரு சட்டம் இருக்குது போல. நமக்கென்ன தெரியும்?

இதெல்லாம் போவட்டும். இதுக்கெல்லாம் நான் கோவிக்கற ஆளில்ல. சொர்ணத்த நான் ஏன் வெறுக்கறன்னு கேட்டயே, அதச் சொல்றன். இத உன்ற மலர்ல போடாத.

எழுவத்தெட்டுல எனக்கு மொதல் பிரசவம். எட்டாம் மாசம். வயித்துக்குள்ள அசையலீங்கன்னு ரெண்டு நாளாச் சொல்லீட்டே இருந்தன். எங்க மாமியா, தலைச்சன் அப்பிடித்தான் இருக்கும்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. எடுத்தாங்க. பொட்டப்புள்ள. ரெண்டு கிலோ. தலை நெறைய முடி. நான் ஒரே ஒருக்காப் பாத்தன், கொண்டு போயிட்டாங்க. நம்ம சனத்துல சுடுகாட்டுக்குப் பொம்பளைங்க போறதில்ல, இவரும் எங்க கொழுந்தனும் போயி மண்ணுல வெச்சுட்டு வந்தாங்க. புதன்கெழமை. ஆவணி இருவத்தொண்ணு. பொழுதோட நாலு மணி இருக்கும், இவரு ரூமுக்குள்ள வந்து நின்னாரு. வேட்டியில செம்மண்ணு. அதப் பாத்ததும் எனக்கு என்ன வந்துச்சோ தெரியல. வலது கைய அடிவயித்துல வெச்சுட்டு, இடது கையில கட்டல் கம்பியப் புடிச்சுட்டு, "என்னயும் கொண்டு போயி அதும் பக்கத்துலயே பொதைச்சிருங்க, என்னயும் பொதைச்சிருங்க"ன்னு கத்துனன். ஆஸ்பத்திரியே கேட்டிருக்கும். அவரு ஒரு வார்த்த பேசல. பக்கத்துல வந்து என்ற தலையத் தடவிக் குடுத்தாரு. எந்த ஆம்பளை அப்பிடி நிப்பான் சொல்லு? "ஆனது ஆச்சு, எந்திரி, வேலையப் பாரு"ன்னு அதட்டுவான். இவரு வாயே தொறக்கல.

அந்த ரூமுல இருந்தது மூணே பேரு. நானு, அவரு, ரோஸ்லின்னு ஒரு நர்சம்மா. இத ஞாபகம் வெச்சுக்க.

எண்பத்தொண்ணு பொங்கலுக்கு இந்த நாடகம் மொத மொதல்ல போடறாங்க. அதுக்குள்ள எனக்குப் பையன் பொறந்துட்டான், இப்பத் திருப்பூர்ல இருக்கறானே, அவந்தான். அவன மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கறன். எனக்குக் கதை தெரியாது. ஒத்திகைக்கு ஊட்டுப் பொம்பளைங்களக் கேண்டீனுக்குள்ள உடமாட்டாங்க. இடைவேளை முடிஞ்சு ஒரு கட்டம். பொன்னாத்தா ஒரு சேவக்கோழி ஆசையா வளத்தறா. ஒறம்பரை வந்தாங்கன்னு அத அடிச்சுக் கொழம்பு வெச்சு, ஒறம்பரைக்குப் போடாம முழுக்கோழியும் அவளே தின்னுபோடறா. தின்னு முடிச்சு ஏப்பம் உட்டுட்டு, அப்பறம் கோழி ஞாபகம் வந்து ஒப்பாரி வெக்கறா. சனம் சிரிச்சுட்டுக் கெடக்குது. நானும் சிரிச்சன் அம்மிணி. அப்ப சொர்ணம் வலது கையத் தூக்கி அந்தத் தலகாணிக்குக் கீழ, அடிவயித்துல வெச்சா. இடது கையில நாற்காலிச் சட்டத்தப் புடிச்சா. "என்னயும் கொண்டு போயி அதும் பக்கத்துலயே பொதைச்சிருங்க, என்னயும் பொதைச்சிருங்க"ன்னா. என்ற கொரலு. அந்த இழுப்பு, அந்த ரெண்டாவது தடவ கம்முன வார்த்தை, எல்லாம் நானு.

எங்கூட்டுக்காரருதான் புருசன் வேசம். அவள மேலயும் கீழயும் பாத்தாரு. அப்பறம் சொன்னாரு, "உன்ற அளவுக்குக் குழி வெட்டுனா தண்ணி வந்துரும்டி. கெணறாவே வெச்சுக்கலாம்."

கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு. எனக்குப் பக்கத்துல இருந்தவ கண்ணுல தண்ணி வரச் சிரிச்சா. சிரிச்சுட்டு என்ற தொடையில அடிச்சா. எல்லாரும் திரும்பி என்னயப் பாத்தாங்க, எழுதுனவரு பொண்டாட்டி எப்பிடிச் சிரிக்குதுன்னு பாக்கறதுக்கு. நானும் பல்லக் காட்டுனன். என்ன பண்றது? அன்னைக்குத்தான் மொதத் தடவையா ஒரிஜினல்னு மேடைக்குக் கூப்புட்டாரு. போனன். கும்பிட்டன்.

அந்த ஒரு வசனந்தான் நாடகத்தத் தூக்கி நிறுத்துச்சு. கல்யாண ஊட்டுல சொல்லுவாங்க, பஸ்ஸுல குண்டான பொம்பளை ஏறுனாச் சொல்லுவாங்க. ரேசன் கடைக்காரன் என்னயப் பாத்தா, "கெணத்துல தண்ணி வந்துருச்சுங்களா?"ம்பான். பதினோரு வருசம். மில்லு மூடற வரைக்கும்.

அன்னைக்கு ராத்திரிக்கு அப்பறம் நான் ரோசனை பண்ணுனன். இவளுக்கு எப்பிடித் தெரிஞ்சுது? கை வெச்ச எடம் வரைக்கும் எப்பிடித் தெரியும்? ரெண்டு நாள் ரோசிச்சுக் கண்டுபுடிச்சுட்டன். ரோஸ்லின் நர்சம்மாளுக்குச் சேலம். இவளுக்கும் சேலம். ஊர்க்காரிங்க ரெண்டு பேரும் எங்கியோ பாத்துப் பேசியிருக்கறாளுங்க. அவ போட்டுக் குடுத்திருக்கறா, இவ அத எங்கூட்டுக்காரருக்கிட்ட, "இப்பிடி ஒரு அழுகை வெச்சா நல்லாருக்குமுங்க"ன்னு நடிச்சுக் காட்டியிருக்கறா. அவரு வெகுளி. அது என்ற அழுகைன்னு அவருக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது? ஆம்பளைக்கு அதெல்லாம் மனசுல நிக்குமா? நான் அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எதுக்குக் கேக்கோணும்? மறந்து போன மனுசனுக்கு ஞாபகப்படுத்தி வெசனம் உண்டு பண்றதா?

ஆனா அவள உட்டனா? அடுத்த நாடகத்துல இருந்து ஊட்டுப்படி ஏத்தல. சோறு கெடையாது. மில்லு சைக்கிள் ஸ்டேண்டுல சேலைய மறைப்பாக் கட்டி, அங்கதான் துணி மாத்துவா. "அக்கா, நான் என்ன தப்புங்க பண்ணுனன்?"னு ஒருக்காக் கேட்டா. அவ மூஞ்சிக்கு நேராக் கதவச் சாத்துனன். இன்னுங் கேளு. ஒரு நாளு தலகாணி உறைக்குள்ள ஒரு கை மொளகாப்பொடியத் தூவித் தெச்சு அனுப்பிச்சன். செஞ்சன், ஆமா! எனக்கென்ன பயம்? வேர்வை பட்டு வயிறு பொத்துக்கிச்சு அவளுக்கு. அந்தக் கட்டத்துல நெசமாலுமே துடிச்சு அழுதா. சனம் எப்பவும் சிரிக்கறதக் காட்டிலும் ரெட்டிப்பாச் சிரிச்சுது. எங்கூட்டுக்காரரு ஊட்டுக்கு வந்து, "இன்னைக்குத்தாண்டி அவ சரியா நடிச்சா"ன்னாரு. எனக்குக் கொஞ்சம் ஆறுச்சு.

ரெண்டு வருசத்துக்கு முந்தி இவரு போனப்ப, துக்கம் கேக்க வந்தா. கெழவி ஆயிட்டா, கையில குச்சி. பஸ்ஸுல அத்தன தூரம் வந்து வாசல்ல நிக்கறா. நான் உள்ள வான்னு சொல்லல. அவளாவே பேசுனா. "அக்கா, இத்தன வருசமா உங்களுக்கு எம்மேல என்ன கோவம்னு எனக்கு இப்பத்தானுங்க தெரிஞ்சுது. உங்க கொழுந்தனாரு சொன்னாரு, அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு உங்க சத்தத்தக் கேட்டாருங்களாம். அது உங்க கதைன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாதுங்க. அவருதானுங்க்கா கை எங்க வெக்கோணும்னு காட்டிக் குடுத்தாரு. அவரே அழுதும் காட்டுனாரு"ன்னா. எனக்கு வந்துச்சு பாரு ஆங்காரம். உள்ள பொணம் கெடக்குது, செத்தவரு எந்திரிச்சு வந்து இல்லேன்னு சொல்லப் போறாரா? செத்தவர் மேல பழியப் போடறயாடி, நாசமாப் போறவளேன்னு கத்துனன். எழவுக்கு வந்தவங்கெல்லாம் எந்திரிச்சுட்டாங்க. அவ குச்சிய ஊனிட்டுப் போயிட்டா.

இப்பச் சொல்லு. அவளுக்கு நான் பொன்னாடை போத்த உடோணுமா?

என்னது? பைக்குள்ள என்ன வெச்சிருக்கற? ஜெராக்ஸா? சிதம்பரம் நாடக நோட்ட ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தானா? ஒவ்வொரு பக்கத்துலயும் நான் கையெழுத்துப் போடோணுமா? வாரிசாம்! சரி, கொண்டா. இந்தக் கண்ணுக்கு எழுத்துத் தெரியல, அந்தக் கோழிக் கட்டம் எங்க இருக்குதுன்னு பாரு. அத மட்டும் படி. கேக்கறன். இத்தன வருசம் கேக்கல, இன்னைக்குக் கேட்டா என்ன ஆயிரப் போகுது?

என்ன தேடற? இந்தத் தாளு மட்டும் வேற மாதிரி இருக்குதா? பழைய நோட்டுல இருந்து கிழிச்சு நடுவுல ஒட்டியிருக்குதா? அவரு அப்பிடிச் செய்வாரு, காகிதத்த வீணாக்க மாட்டாரு. படி.

பொன்னாத்தான்னு போடலையா? வெறும் மனைவின்னா போட்டிருக்குது? ம். மனைவி. அப்பறம்? அடைப்புக்குறிக்குள்ள என்ன? "வலது கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு." சரி. "இடது கையால் கட்டில் கம்பியை"ன்னா? இரு இரு. நாடகத்துல நாற்காலிதான். மேடையில ஏது கட்டலு? கட்டில்னு எழுதி அடிச்சிருக்குதா? அடிச்சுட்டு மேல வேற மையில நாற்காலின்னு எழுதியிருக்குதா?

இரு கண்ணு. மேல தேதி இருக்கும் பாரு. அவரு தேதி போடாம எழுத மாட்டாரு. மேல, ஓரத்துல. என்ன போட்டிருக்குது?

இன்னொருக்காச் சொல்லு.

ஆறு, ஒம்பது, எழுவத்தெட்டு. புதன்.

அன்னைக்கேவா? மண்ணுல வெச்சுட்டு வந்து, ஊட்டுக்குப் போயி, அன்னைக்கேவா எழுதுனாரு? அந்த வேட்டியோடவா உக்காந்து எழுதுனாரு? சரி, ஒரு வேளை வெசனத்துல எழுதி வெச்சிருக்கலாம். மனசு தாங்காம எழுதி வெச்சிருப்பாரு. அதுக்குக் கீழ என்ன இருக்குது? கணவன்னு போட்டு ஏதாச்சும் இருக்குதா? படிக்காத, எனக்குத் தெரியும் என்ன இருக்கும்னு. அந்த வரி எந்த மையி? நாற்காலின்னு எழுதுன மையா, கட்டில்னு எழுதுன மையா? ஜெராக்ஸா இருந்தாலும் தெரியும் பாரு, பேனா மொத்தமா, சன்னமான்னு பாரு.

கட்டில்னு எழுதுன பேனாவா? நல்லாப் பாத்தயா?

அப்ப என்ற தலையத் தடவுனப்பவே அவருக்குப் பதிலு வந்துருச்சு. வாய் தொறக்கலேன்னு நாப்பத்தியேழு வருசமா ஊரெல்லாம் பெருமை பேசிட்டுத் திரிஞ்சன். எந்த ஆம்பளை அப்பிடி நிப்பான்னு உங்கிட்டக் கூட இப்பச் சொன்னன். அவன் கெணறு வெட்டிட்டு நின்னிருக்கறான் அம்மிணி! நான் புள்ளையப் பறி குடுத்துட்டுக் கத்தறன், அவன் உள்ளுக்குள்ள எனக்குக் கெணறு வெட்டிட்டு நின்னிருக்கறான். அட பாவி. அட பாவி மனுசா. அது உனக்கும் புள்ளதானடா? நீயுந்தானடா மண்ணு தள்ளுன?

நீ எந்திரிக்காத, உக்காரு. தண்ணியெல்லாம் வேண்டாம். அழுகறன், ஆமா அழுகறன், அழுதுட்டுப் போறன். அந்த ரூமுல மூணே பேருன்னு ஆயிரந்தடவ எண்ணியிருக்கறன். மூணுல ஒண்ண எண்ணாம உட்டுட்டன். ரோஸ்லின்னு ஒரு நல்ல பொம்பளை, எனக்கு மாரு கட்டிப் பாலு வலிச்சப்போ துணி சுத்தி உட்டவ, அவளப் போயி நாக்கூசாமப் பேசுனன். அந்தச் சொர்ணம் என்ன பண்ணுனா? சொல்லிக் குடுத்தத அழுதா. நூத்திப் பன்னெண்டு தடவ எம்புள்ளைக்கு அழுதிருக்கறா, அவளுக்கும் தெரியல எனக்கும் தெரியல. அவ வயித்துல மொளகாப்பொடியப் போட்டனே! அத உங்கிட்டப் பெருமையா வேற சொன்னன். எனக்கு நல்ல சாவு வருமா?

அந்தக் கண்டிசன அடிச்சிரு. அடிச்சயா? சொர்ணத்த நானே போயிக் கூட்டியாரன். பஸ்ஸுல வேண்டாம், சிதம்பரத்த ஒரு காரு புடிக்கச் சொல்லு. எனக்குப் பக்கத்துல அவளுக்கு ஒரு சீட்டு.

கையெழுத்தா? போடறன், இரு. போடமாட்டேன்னு சொன்னா என்ன சொல்லுவானுங்க? பொம்பளைக்கு நகைச்சுவை தெரியாதும்பானுங்க. சிதம்பரம் வந்து, "நாடகத்த நாடகமாப் பாக்கோணுங்கக்கா"ம்பான். அதனால நாடகத்தப் போடட்டும். அந்தக் கட்டத்தையும் போடட்டும், ஒரு வார்த்தை குறைக்க வேண்டாம். ஆனா அதுக்கு முன்னால திரைய எறக்கோணும். எறக்கீட்டு, நீ முன்னால வந்து மைக்குல ஒண்ணு படிக்கோணும். வேற ஆரும் வேண்டாம், நீயே படி. இதுக்குச் சம்மதம்னு சிதம்பரம் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நானும் போடறன். எழுதிக்க.

இனி வரப்போற கட்டத்துல அந்தப் பொம்பளை சொல்றது நாச்சிமுத்து எழுதுன வசனம் இல்ல. அவரு பொண்டாட்டி தெய்வாத்தா சொன்னது. எழுவத்தெட்டாம் வருசம் செப்டம்பர் ஆறாந்தேதி, புதன்கெழமை, பொழுதோட நாலு மணிக்கு, ஆஸ்பத்திரியில சொன்னது. கோழிக்குச் சொன்னது இல்ல. செத்துப் பொறந்த பொட்டப்புள்ளைக்குச் சொன்னது. புள்ள ரெண்டு கிலோ. தலை நெறைய முடி. அதப் பொதைச்சுட்டு வந்த புருசன் அன்னைக்கே ஒரு பதில் எழுதி வெச்சாரு. அந்தப் பதில இப்பக் கேப்பீங்க.

எழுதீட்டயா? அவ்வளவுதான். அப்பறம் திரையத் தூக்கி நாடகத்தப் போடுங்க. எவன் சிரிக்கறான்னு நான் உக்காந்து பாக்கறன்.